பட்டாவில் உள்ள பெயரும் வயலில் நிற்கும் ஆளும்

"உனக்கு ஏறிடுச்சா?" பி.எம். கிசான் தவணைப் பணம் விடும் வாரத்தில் எங்கள் ஊரில் டீக்கடை, சொசைட்டி, வாய்க்கால் கரை எங்கே நின்றாலும் இதே பேச்சுதான். ஏறியவர் போனை எடுத்து மெசேஜைக் காட்டுவார். ஏறாதவர் அன்றைக்கே பாஸ்புக்கோடு கிளம்பிவிடுவார். திருவாரூர் மாவட்டத்தில் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா இறந்த பிறகு நிலத்தையும் அதற்கான காகிதங்களையும் நான்தான் பார்க்கிறேன். அதில் கொஞ்சம் பழகிவிட்டதால் தெருவில் உள்ளவர்களும் ஆதார், சிட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். வந்தவர்களின் காகிதங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மானியம், காப்பீடு, நிவாரணம் எதுவானாலும் பணம் பட்டாவில் உள்ள பெயரைத் தேடித்தான் வருகிறது. அந்தப் பெயரைச் சரியாக வைத்துக்கொள்வது நடவுக்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலை.

விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு கொடுக்கும் உதவித்தொகையான பி.எம். கிசானை எல்லோருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றார்கள். அதே வருடம் நிலம் உள்ள எல்லா விவசாயிகளுக்கும் என்று மாற்றினார்கள். வருமான வரி கட்டுபவர், அரசு வேலையில் இருப்பவர், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் ஓய்வூதியம் வாங்குபவர் போன்றவர்களுக்குக் கிடையாது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 21வது தவணையை 2025 நவம்பரில் கோவையில் வைத்துத்தான் விடுவித்தார்கள். 2,000 ரூபாய் ஒரு ஏக்கர் நடவுக் கூலிக்குக்கூடக் காணாது. ஆனாலும் வட்டி இல்லாமல் கைக்கு வரும் பணம் அது. உரக்கடை பாக்கியில் ஒரு பகுதியாவது அடையும்.

அப்பா பெயரில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். சித்தப்பாவோடு கூட்டுப் பட்டா. அப்பா காலமானதும் அவர் பெயரில் வந்த தவணையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். இறந்தவர் கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருந்தால் பின்னால் திரும்பக் கட்டச் சொல்வார்கள், வாரிசுக்குப் புதிதாகப் பதியும்போதும் அது இடிக்கும். அப்புறம்தான் அம்மா பெயரில் விண்ணப்பம். இங்கே ஒரு விதி இருக்கிறது. 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்கு நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் இந்தத் திட்டம். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்குக் கிடையாது. உரியவர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. விண்ணப்பத்தில் நிலம் எப்போது, எப்படிப் பெயர் மாறியது என்று கேட்கும் இடத்தில் வாரிசு வழி என்பதைச் சரியாகக் குறிக்கவேண்டும், அப்பாவின் விவரத்தையும் இறப்புச் சான்றையும் சேர்க்கவேண்டும். எங்கள் தெருவில் தள்ளுபடியான விண்ணப்பங்களில் பலவும் இந்த ஒரு கட்டத்தில்தான் விழுந்தன. இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவருக்கு நம் குடும்பக் கதை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நாம்தான் சொல்லவேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை பட்டா மாறுதல். இறப்புச் சான்று, அதை வைத்து வாரிசுச் சான்று, அதை வைத்துப் பட்டா மாறுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகவேண்டும். உட்பிரிவு இல்லாமல் பெயரை மட்டும் சேர்ப்பதென்றால் சீக்கிரம் முடிந்துவிடும். தனிப் பட்டா வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்கவேண்டும், பங்காளிகள் சம்மதிக்கவேண்டும். எங்கள் சித்தப்பா நல்ல மனுஷர். "அண்ணன் இருக்கும்போதே செஞ்சிருக்கணும்டா, வா, இப்பவாவது அளந்துருவோம்" என்று அவரே வரப்பில் வந்து நின்றார். எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. பெரியவர்கள் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே கூட்டுப் பட்டாவைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். 2025இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டபோதும் அதிகம் திணறியவர்கள் கூட்டுப் பட்டாக்காரர்கள்தான். வருடா வருடம் மே, ஜூனில் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது வருவாய்க் கணக்குத் தணிக்கையில், மனு கொடுத்தால் பட்டா விவகாரம் கொஞ்சம் வேகமாக நகர்கிறது. அந்தத் தேதியை விடாதீர்கள்.

பெயர்ப் பொருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டாவில் தாத்தா பெயர் முழுதாக முன்னால் இருக்கும், ஆதாரில் வெறும் இனிஷியல், வங்கியில் இனிஷியல் பின்னால். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே ஆள் என்று சொல்வார்கள், கம்ப்யூட்டர் மூன்று ஆள் என்கிறது. ஆதாரில் உள்ளபடியே மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்வதுதான் வழி. பட்டாவில் எழுத்துப் பிழை இருந்தால் தாலுகா அலுவலகத்தில் திருத்த மனு கொடுக்கலாம்.

அம்மாவுக்குப் பட்டா மாறி, விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. அடுத்து இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது. மையத்தில் இருந்த பெண் அம்மாவின் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்து, கருவியில் வைத்து, தன் விரலால் மேலே அழுத்திப் பிடித்தார். ஏறவில்லை. ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடது கை என்று மாற்றி மாற்றி வைத்தார். தேங்காய் எண்ணெய் தடவிக் கழுவிவிட்டு வாங்கம்மா என்றார், அதற்கும் ஏறவில்லை. பதினைந்து வயதில் நாற்றுப் பறிக்க இறங்கியவர் அம்மா. நாற்று முடி கட்டிக் கட்டி, அரிவாள் பிடித்துப் பிடித்து விரல் ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. விவசாயி என்று நிரூபிக்க வந்த இடத்தில், விவசாய வேலையே அந்தக் கையை அடையாளம் தெரியாமல் ஆக்கி வைத்திருக்கிறது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. 2023இல் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது. அதில்தான் முடித்தோம். விரல் ஏறாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மையத்துக்கு அலையவிடாதீர்கள். வீட்டில் யாராவது போனில், வெளிச்சமான திண்ணையில் உட்காரவைத்து முடித்துவிடலாம். ஆதாரோடு போன் நம்பர் இணைந்திருந்தால் ஓடிபி வழியாகவும் முடியும்.

அதற்குப் பிறகும் பணம் பாஸ்புக்கில் இல்லை. இணையதளத்தில் பார்த்தால் செலுத்தப்பட்டது என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் கொடுத்த கணக்கு உள்ள வங்கிக் கிளையில் "எங்களுக்கு எதுவும் வரலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஆதார் வழியாக வரும் பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போவதில்லை, கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். அம்மாவுக்கு நூறு நாள் வேலைக்காக வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கியிருந்தார்கள். பணம் அங்கே பத்திரமாகக் கிடந்தது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கிறது, எந்த வங்கி என்று அதுவே காட்டிவிடும். "பணம் வரலை" என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மகளிர் குழுவுக்கு ஒன்று, நூறு நாளுக்கு ஒன்று, கேஸ் மானியத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கும் பெண்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு 2020ஐ நினைவுபடுத்துவேன். அந்த வருடம் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களையும் தகுதியில்லாதவர்களையும் பி.எம். கிசானில் லட்சக்கணக்கில் சேர்த்தது வெளியே வந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி இடைத்தரகர்களும் கம்ப்யூட்டர் மையங்களும் பதிவேற்றியிருந்தார்கள். 110 கோடி ரூபாய் வரை போயிருந்ததாக அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது. பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரைக் கொடுத்த ஏழைகளும் அதில் இருந்தார்கள். அதனால், சும்மா வருகிற பணம், ஆதாரை மட்டும் கொடு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். தகுதி இல்லாத பணம் கணக்கில் ஏறினால் பின்னால் கணக்கே முடங்கும்.

பயிர்க் காப்பீடு இதைவிடப் பெரிய விஷயம். டெல்டாவில் சம்பாவுக்குப் பொதுவாக நவம்பர் 15 கடைசித் தேதி, மழையைப் பொறுத்துச் சில வருடம் நீட்டிப்பார்கள். நெல்லுக்கு விவசாயியின் பங்கு சம்பாப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் நாம் கட்டுவது 540 ரூபாய், மீதியை ஒன்றிய அரசும் மாநில அரசும் போடுகின்றன. ஆதார், பாஸ்புக், சிட்டா, விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) கொடுக்கும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று வேண்டும். எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கணக்குதான் அடங்கல். நவம்பர் முதல் வாரத்தில் விஏஓ அலுவலகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நட்ட வாரத்திலேயே அடங்கல் வாங்கிவிடுங்கள்.

ரசீதைக் கையில் வாங்கியதும் அந்த இடத்திலேயே படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வருவாய் கிராமம், வங்கிக் கணக்கு. எங்கள் பக்கம் ஒரே பெயரில் மேல், கீழ் என்று இரண்டு வருவாய் கிராமங்கள் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு மையத்தில் கிராமத்தை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். எங்கள் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது, அவர் பதிவு இருந்த கிராமத்துக்கு வரவில்லை. அவர் வயலில் நெல் முளைத்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. கடைசித் தேதிக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தால் திருத்தியிருக்கலாம், அதன்பிறகு எங்கே போய்ச் சொன்னாலும் நடக்கவில்லை.

என் வயல் அழிந்தது, ஏன் பணம் இல்லை என்ற கோபத்துக்கும் காரணம் தெரிந்திருக்கவேண்டும். இந்தக் காப்பீடு பெரும்பாலும் தனி வயலைப் பார்ப்பதில்லை, கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்க்கிறது. கிராமத்தில் சில சர்வே எண்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைச் சோதனை நடத்துவார்கள். எங்கள் வயலிலும் ஒரு வருடம் நடந்தது. நாலு முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டார்கள். அதற்குள் இருந்த கதிரை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, தராசில் வைத்தார்கள். கயிறு ஒரு கதிர்க் கொத்தின் நடுவில் ஓடியது. அது உள்ளேயா வெளியேயா என்று சுற்றி நின்றவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். அந்த எடையில்தான் ஊர் முழுக்க உள்ளவர்களின் பணம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சோதனை நடக்கும் நாளில் போய் நில்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம், அளவையும் எடையையும் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

கணக்கு இதுதான். கடந்த 7 வருடத்தில் நன்றாக விளைந்த 5 வருடச் சராசரியில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தரவாத மகசூல் என்று வைப்பார்கள். அது ஹெக்டேருக்கு 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் கிராமச் சராசரி 2,400 என்றால் இழப்பு 20 சதவீதம். 36,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு ஏக்கருக்கு 7,200 கிடைக்கும். கிராமச் சராசரி 3,000ஐத் தாண்டிவிட்டால் உங்கள் வயலில் ஒரு மணி இல்லாவிட்டாலும் ஒன்றும் கிடையாது. அடிக்கடி மூழ்கும் கிராமத்தில் பழைய மகசூலே குறைவு, அதனால் உத்தரவாத மகசூலும் குறைவாக நிற்கும். வருடா வருடம் அடிபடுகிறவனுக்கே கைக்கு வருவது குறைகிறது. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தனி வயலில் நெல் மூழ்கினால் இழப்பீடு என்ற ஷரத்தை 2018இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் (ஜூனை ஒட்டித் தொடங்கும்) பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த வகை இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். 14447 என்ற எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். மழை விட்டதும் வயலில் நின்று தேதியும் இடமும் பதிவாகும்படி போட்டோ எடுங்கள்.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அப்படி இல்லை. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று விஏஓவும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து கணக்கெடுத்தால் நிவாரணம் வரும். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அறிவித்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,900தான், அறிவிப்பைக் கேட்டதும் ஏக்கர்க் கணக்கு என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள். குறுவைத் தொகுப்புத் திட்டம், கருவி மானியம் இவையும் உண்டு. கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வைத்தால் பல இடங்களில் உதவும். ஒப்புதல் வருவதற்கு முன்னால் கருவியை வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டா உள்ளவர்களுக்கு. எங்கள் பக்கம் பாதி வயலில் நிற்பவர்கள் குத்தகைக்காரர்கள். கோயில் நிலம், மடத்து நிலம், ஊரைவிட்டுப் போனவர்களின் நிலம். சென்னையில் இருப்பவர் பெயரில் பட்டா இருக்கிறது, பி.எம். கிசானும் அவருக்கு வருகிறது. விதை, உரம், கூலி எல்லாம் போடுகிற குத்தகைக்காரருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. விளைந்தாலும் மூழ்கினாலும் மாவுக்கு இத்தனை மூட்டை என்று குத்தகை அளக்கவேண்டும். ஒடிசாவில் 2018 கடைசியில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுத்து) சாகுபடி செய்பவர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் 2019இல் தொடங்கிய ரைத்து பரோசாவில் ஒரு பிரிவுக் குத்தகைதாரர்களுக்குப் பணம் போனது. ஆக, மனது வைத்தால் முடியும்.

காப்பீட்டு விதியில் குத்தகைதாரர் சேரத் தடையே இல்லை. தடை அடங்கலில் இருக்கிறது. சாகுபடி செய்பவர் பெயரை அதில் ஏற்ற நில உரிமையாளர்கள் விடுவதில்லை. குத்தகைதாரர்களுக்கான 1955, 1969ஆம் வருடச் சட்டங்களின்படி குத்தகை உரிமை கேட்டுவிடுவார் என்ற பயம். உரிமையாளரே அதே சர்வே எண்ணுக்குக் காப்பீடு செய்துவிட்டால் குத்தகைக்காரரின் பதிவு நிற்காது. நான் பார்த்தவரை ஓரளவு வேலைக்கு ஆகும் வழி, நடவுக்கு முன்னாலேயே உரிமையாளரிடம் பேசிவிடுவது. இந்தப் பருவத்துக்குக் காப்பீட்டை இவர் செய்துகொள்ளட்டும், நான் செய்யமாட்டேன் என்று ஒரு கடிதம். உரிமை பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இப்படி வாங்கினார். கோயில் நிலம் என்றால் குத்தகை ரசீதை நடப்புப் பசலி (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) வரை கட்டி, கையில் வைத்திருங்கள். அதைக் காட்டித்தான் விஏஓவிடம் கேட்க முடியும்.

மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து இதற்காகவே போகிறோம். அடங்கலில் சாகுபடியாளர் பெயரை விஏஓ நேரில் வயலைப் பார்த்து எழுதவேண்டும், நிவாரணம் அந்தப் பெயருக்கே போகவேண்டும் என்பதுதான் மனு. மனுவுக்கு எண் போட்டுத் தருகிறார்கள், பதிலும் எழுத்தில் கேட்கிறோம். அடுத்த கூட்டத்துக்குக் குத்தகை ரசீது உள்ளவர்கள் எல்லோரும் நகலோடு வரச் சொல்லியிருக்கிறேன்.